கதவு பூட்டியிருந்தது

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. கால்கள் மட்டும் நேற்றிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. உன் இருமல் விட்டதா? ஒரு ஆளுக்கு என்ன சமையல் என்று பிஸ்கட்டிலேயே காலம் தள்ளாதே.

நேற்று காலை ஆறு மணிக்கு விமானம் இறங்கியது. நம் ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்த மலிவு டிக்கெட்டின் லட்சணம், தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, இரண்டு விமானம் மாறி, நடுவில் ஒரு நாற்காலியில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். விடுதி வாசலில் போய் நின்றபோது மணி எட்டு. விடுதிக்காரி என் சீட்டைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணியைத் தொட்டுக் காட்டினாள், கதவைச் சாத்தப் போனாள். அதற்கு முன்னால் கட்டில் கிடையாதாம். பெட்டியை மட்டுமாவது வைத்துக்கொள் என்று சைகையில் கெஞ்சினேன். பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு அட்டையைக் காட்டினாள். நன்றாக இரு தாயே என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் பல் தந்தியடித்தது. ரயில் நிலையத்துக் கூடத்தில் உட்கார்ந்தேன். காவலாளி டிக்கெட் கேட்டான், எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஒரு சலவைக் கடை. காசு போட்டால் மெஷினே துவைக்கிறது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. யாருடைய துணியோ சுற்றிக்கொண்டிருந்த மெஷின் முன்னால், அது என் துணிதான் என்கிற தோரணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கண்ணயர்ந்தேன். துணிக்கு உரியவள் வந்து என்னைப் பார்த்த பார்வையில் தூக்கம் போய்விட்டது.

இரண்டு மணிவரை பொறுக்க முடியவில்லை. பெட்டியோடே விலாசத்தைத் தேடிப் போனேன். உன் புருஷன் பதினாலு மாதத்துக்கு முன்னால் போட்ட கடைசிக் கடிதத்தின் உறையில் இருந்த விலாசம்தான். கேட்ட ஆளெல்லாம் ஆளுக்கொரு திசையில் கையை நீட்டினார்கள். டிராமில் இரண்டு தடவை எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் மீட்டர் ரீடராகத் தெருத்தெருவாகக் கதவு எண் பார்த்து நடந்தவன் நான். என்னையே இந்த ஊர் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டது. ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் எதிர்ப்பக்கம், நடுவில் பாதி எண்ணைக் காணோம். கடைசியில் கிடைத்தது. மூன்றாம் மாடி. ஐம்பத்துநாலு படி.

கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

எட்டுப் பேர் படுக்கும் அறையில் எனக்கு மேல் கட்டில். அறுபத்துமூன்று வயதில் உன் மாமா ஏணி வைத்து ஏறித் தூங்குகிறான் என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொல், சிரிக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 17

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன், இருமல் போய்விட்டது, சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். கால் வலிக்கு நீல அட்டை மாத்திரையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. மறதியில் இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். டீச்சர் சிரிக்கவில்லை, ஏணியிலிருந்து விழுந்துவிடாமல் இருக்கச் சொன்னார்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். விடுதிக்காரிக்கு ஒரு பத்தி, சலவைக் கடைக்கு ஒரு பத்தி, உங்கள் பிள்ளை வீட்டுக்கு மட்டும் இரண்டு வரி. பூட்டியிருந்தது என்றால் வெளியே போயிருந்தாரா, வீட்டையே காலி செய்துவிட்டாரா? கதவில் பெயர் இருந்ததா? இதையெல்லாம் யார் எழுதுவார்கள்?

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஏழு வருஷமாகத் தற்காலிகம் தற்காலிகம் என்று ஓட்டினேன் இல்லையா? இப்போது நிரந்தர வேலை வந்திருக்கிறது. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் உள்ள கிளை, குவார்ட்டர்ஸ் உண்டு. ஆனால் ஐந்து வருஷம் விட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏப்ரல் முப்பதுக்குள் சொல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உன்னைச் சீக்கிரம் இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியவர் நாளைக்கே கூப்பிட்டால் நான் எப்படிப் போவேன்?

வருவாரா, கூப்பிடுவாரா, இரண்டும் இல்லையா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். இல்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் மாமா என்னை அரிக்கிறது.

உங்கள் மருமகள்


மார்ச் 29

அன்புள்ள மருமகளுக்கு,

சௌக்கியம். மாத்திரை ஒன்றுதான் போடுகிறேன். நீ கண்விழித்து வேலை பார்க்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வேலைச் செய்தி படித்துச் சந்தோஷம். ஏழு வருஷம் நீ நாயாய் உழைத்ததற்கு அவர்களுக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே. கொஞ்சம் பொறு. நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், நம்பிக்கை விடவில்லை.

முன்கூட்டியே திரும்பி வரலாமா என்று விமான அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மலிவு டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாதாம். ஜூலை ஒன்றுவரை இங்கேதான் கிடக்க வேண்டும். விடுதிக்காரி இப்போது கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாள். காலையில் நடையையும் குளியலறைகளையும் துடைத்துக் கொடுத்தால் கட்டில் வாடகையில் பாதி தள்ளுபடி. துடைக்கிறேன். வீட்டில் ஒரு தம்ளரைக் கழுவாதவன் என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

முதல் நாள் நடந்த ஒன்றை எழுத விட்டுப்போனது. அந்த விலாசத்திலிருந்து திரும்பும்போது டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். என் டிராம் எட்டுத் தடவை வந்து போயிற்று. எழுந்து ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. அசதிதான், வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 10

மாமாவுக்கு வணக்கம்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. நான் நலம். குனிந்து துடைக்காதீர்கள், நீளக் குச்சி வைத்த துடைப்பான் கேட்டு வாங்குங்கள். முதுகு பிடித்துக்கொண்டால் அங்கே தைலம் தேய்த்துவிட ஆள் கிடையாது.

நீங்கள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கடிதத்தில் இன்னும் முதல் நாளே முடியவில்லை. இரண்டாம் நாள் எங்கே போனீர்கள்? அந்த வீட்டுக்கு மறுபடி போனீர்களா? அவர் வேலை பார்த்த கம்பெனியில் கேட்டீர்களா? உங்களுக்குத் தேடத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். மூன்று சந்து தள்ளி ஒளித்து வைத்த திருட்டுக் கனெக்ஷனையே மோப்பம் பிடித்தவர் நீங்கள்.

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் ஒரே கேள்வி, அவர் எப்போது வருகிறார். வாயில் வந்த மாதத்தைச் சொல்லிவைத்தேன். ஒருத்தரிடம் ஆடி, ஒருத்தரிடம் தை. அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இலை.

மேலதிகாரி நேற்று கூப்பிட்டார். "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா? உனக்காக நான் எத்தனை நாள் பைலை மேஜை மேலேயே வச்சிருக்க முடியும்?" என்றார். மாமாவிடமிருந்து கடிதம் வரட்டும் சார் என்றேன். இன்னும் இருபது நாள் இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது மாமா.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 21

அன்புள்ள மருமகளுக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். குச்சி வைத்த துடைப்பான் கிடைத்தது.

தேடுகிற விஷயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு ஒரு நாள் போக வேண்டும். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நாலு வருஷம் பொறுத்தவளுக்கு நாலு நாள் பெரிதில்லை.

வேறு என்ன எழுத? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இந்த ஊரில் மீட்டரை வாசலில் வைப்பதில்லை, வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்கிறார்கள். விடுதியில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அந்த மூன்றாம் மாடி வீட்டில் சமையலறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஸ்டூல் போட்டால்தான் எண்ணைப் படிக்க முடிகிற உயரம். சக்கரம் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் மூன்று பேர் புழங்குகிற வீடு. எங்கள் காலத்தில் அப்படி வைத்திருந்தால், ஒரு ரீடிங் எடுப்பதற்குள் வீட்டம்மா வாயில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். உத்தியோகமே வேண்டாம் என்று ஓடியிருப்போம்.

இங்கே வெயில் கொஞ்சம் தலை காட்டுகிறது. ஒரு ஸ்வெட்டர் போதும்.

இப்படிக்கு,
மாமா


மே 2

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலம்தானே?

ஏப்ரல் முப்பது நேற்று முன்தினம் போய்விட்டது. பொறு என்று எழுதியிருந்தீர்கள், பொறுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. வேலை அடுத்த பெண்ணுக்குப் போய்விட்டது. அவள் எனக்கு மிட்டாய் கொடுத்தாள்.

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. ஒன்று கேட்கிறேன். பூட்டியிருந்த வீட்டின் சமையலறை மீட்டர் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உத்தியோகத்தில் இருந்தவரைக்கும் ஆள் இல்லாத வீட்டில் 'கதவு பூட்டு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர் நீங்கள். பார்க்காத ரீடிங்கை ஒரு தடவைகூட எழுதியதில்லை என்று என்னிடமே எத்தனை நாள் பெருமையடித்திருக்கிறீர்கள்.

அந்த வீட்டுக்குள் போயிருக்கிறீர்கள். மூன்று பேர் யார் மாமா?

மருமகள்


மே 25

மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஏணியில் பார்த்து ஏறி இறங்குங்கள்.

கடிதம் போக எட்டு நாள், பதில் வர எட்டு நாள். இன்றோடு இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. வராததே பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மேலதிகாரியிடம் நானே போய்க் கேட்டேன். இன்னொரு இடம் காலியாக இருந்தது. யாரும் போக மாட்டேன் என்று ஒதுக்கிய ஊர், ரயிலில் ஒரு பகல் முழுக்க. அதே ஐந்து வருஷம். "யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். யோசித்தாயிற்று சார் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி கிளம்புகிறேன். சாவி டீச்சரிடம் இருக்கும். உங்கள் வேட்டிகளைத் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அரிசியில் வண்டு வராமல் காய்ந்த மிளகாய் போட்டிருக்கிறேன், எடுத்துவிட்டுச் சமையுங்கள். உங்கள் மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு வாங்கி, காலை ஒரு டப்பா, இரவு ஒரு டப்பா என்று பிரித்து எழுதி ஒட்டியிருக்கிறேன்.

புது விலாசம் எழுதவில்லை.

மருமகள்


மே 26

அம்மா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை.

முதல் நாள் கதவு பூட்டியிருக்கவில்லை. தட்டினேன், ஒரு பெண் திறந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை, இரண்டு வயது இருக்கும். உள்ளேயிருந்து தோளில் துண்டோடு அவன் வந்தான். அப்பா என்றான். அந்தப் பெண்ணுக்கு நம் பாஷை தெரியாது. நான் யாரென்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். குழந்தை என் பெட்டியின் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். மீட்டர் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் நான் நேராகப் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"நான் வரமாட்டேன்ப்பா. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. பத்து தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்" என்றான். நான் என்னன்னுடா சொல்றது என்று கேட்டேன். அவன் முதுகில் நாலு வைக்க வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அந்த டீயைக் குடித்திருக்கக் கூடாது.

டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அன்றைக்கே உனக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பேனாவை எடுத்தால் கை பூட்டு என்று எழுதிற்று. உனக்குத் தாங்காது என்று மறைத்ததாக நினைத்துவிடாதே. தாங்குவேன் என்று நீதான் எழுதினாயே. உண்மையைச் சொன்னால் நீ அந்த வேலைக்குப் போய்விடுவாய். உன் அத்தை போன பிறகு அந்த வீட்டில் எனக்கு நீதான் இருக்கிறாய். கொஞ்சம் பொறு என்று எழுதினேனே, அது முழுக்க முழுக்க எனக்காக எழுதியது. உன் வேலை போனது அதனால்தான். அவன் உனக்குச் செய்தது ஒன்று, நான் செய்தது இன்னொன்று. நான் உன் கூடவே இருந்தவன்.

மாமா


ஜூன் 4

அம்மா,

நீ சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கக்கூட விலாசம் இல்லை. டீச்சர் மேல்பார்வை என்று போட்டு இதை அனுப்புகிறேன். இருபத்தைந்தாம் தேதி நீ எழுதியது நேற்று கிடைத்தது. நான் எழுதியது அதற்கு மறுநாள். இரண்டும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும்.

நீ கையெழுத்துப் போட்டது சரி. நூற்றுக்கு நூறு சரி.

ஜூலை ஒன்றாம் தேதி கிளம்புகிறேன். அதுவரைக்கும் நடை துடைப்பேன். அவனை மறுபடி பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. விலாசம் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். மாமா என்று கையெழுத்துப் போடவே கூசுகிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.


ஜூன் 18

மாமாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நலமாகத்தான் இருக்கிறேன். டீச்சர் உங்கள் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கட்டி அனுப்பியிருந்தார்.

குழந்தைக்கு இரண்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீக்கிரம் உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எனக்கு அவர் கடைசியாக எழுதியபோது அது தவழ ஆரம்பித்திருக்கும். அந்தக் கடிதத்தை இத்தனை நாள் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். வரும்போது எடுத்து வரவில்லை.

அவர் மேல் கோபம் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பெரிதாக வரவில்லை, ஆச்சரியம்தான். நாலு வருஷமாகக் கண்ணில் படாத மனிதர் மேல் எவ்வளவுதான் கோபப்பட முடியும்? வந்ததெல்லாம் உங்கள் மேல்தான். தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் நீங்கள். எனக்கு ஜுரம் வந்தால் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் நீங்கள். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு வேலை இருந்தது. வாராவாரம் வந்திருப்பேன் மாமா. உங்களை விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்று எப்படி நினைத்தீர்கள்? அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இங்கே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஆஸ்பத்திரியின் துணி காயப்போடும் கம்பிகள், அவ்வளவுதான் வேடிக்கை. பக்கத்தில் யாரையும் தெரியாது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கோபப்படக்கூட ஓர் ஆள் இல்லை. நாலு நாளாகச் சுவரிடம் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அலுத்துவிட்டது.

வீட்டைக் காலி செய்யும் வேலையை டீச்சரின் தம்பி பார்த்துக்கொள்வார், பேசிவிட்டேன். நீங்கள் வந்து இறங்கியதும் இரண்டு நாள் அங்கே தூங்கி ஓய்வெடுங்கள். பிறகு காலை ஆறு இருபது ரயில். இருட்டுவதற்குள் வந்துவிடலாம். விலாசம் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்கு டூட்டி, ஸ்டேஷனுக்கு வரமாட்டேன்.

வந்த அன்றைக்கே உங்களோடு பேசுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாடு மூடி வைத்திருப்பேன், எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள்.

மருமகள்